10 நாளில் நோங் கியாவ்: போகும்போது தரைவழி, திரும்ப விமானம்

10 நாள் லீவில் சிங்கப்பூரிலிருந்து லாவோஸின் நோங் கியாவ் என்ற சிற்றூருக்குப் போக வர இரண்டுமே தரைவழி என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். பாதி லீவு பஸ்ஸிலும் ரயிலிலுமே போய்விடுமே! போகும்போது மட்டும் தரைவழி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு பஸ்ஸில் தாய்லாந்தின் ஹாட்யாய், இரவு ரயிலில் பாங்காக், அடுத்த இரவு ரயிலில் லாவோஸ் தலைநகர் வியந்தியான். மூன்று ராத்திரி தங்கும் செலவு மிச்சம். மேல் படுக்கை டிக்கெட் மலிவு, ஆனால் விளக்கு கண்ணில் குத்தும். வியந்தியானிலிருந்து 2021இல் வந்த லாவோஸ்-சீனா ரயிலில் லுவாங் பிரபாங் நகரம் சுமார் 2 மணி நேரம்தான். பையில் கத்தி, ஸ்ப்ரே இருந்தால் ஸ்டேஷனிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். லுவாங் பிரபாங்கிலிருந்து நோங் கியாவுக்கு மினிவேன். வளைவு அதிகம், வாந்தி மாத்திரை அவசியம்.

திரும்பும்போது லுவாங் பிரபாங்கில் விமானம் ஏறுங்கள். மிச்சமாகும் நாளில் நோங் கியாவில் ‘நாம் ஊ’ என்ற ஆற்றில் படகேறி முவாங் ங்கோய் கிராமத்தைப் பார்க்கலாம்.