'தி மேஜிக் பாக்ஸ்' படத்தில் வருவது போல சினிமாவைக் கண்டுபிடித்தவர் ஃப்ரீஸ்-கிரீன்தானா?
வாழ்க்கை வரலாற்றுப் படம் என்றால், நிஜமாக வாழ்ந்தவரின் கதையைத் திரைக்கதைக்குத் தக்கபடி வெட்டி ஒட்டிச் சொல்வது. 'தி மேஜிக் பாக்ஸ்' 1951இல் 'பிரிட்டன் விழா' என்ற தேசிய விழாவுக்காக எடுத்த படம். அதில் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் வில்லியம் ஃப்ரீஸ்-கிரீன் ராத்திரியில் ஒரு போலீஸ்காரரை இழுத்துவந்து திரையில் அசையும் உருவங்களைக் காட்டுவார். போலீஸ்காரராக லாரன்ஸ் ஒலிவியே மிரண்டு விழிப்பாரே, படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்!

நாட்டு விழாவுக்கு உள்ளூர் நாயகன் வேண்டுமே. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை முகம் மட்டும் தெரியும், சமையல்கட்டு தெரியாது. அந்தக் கதைதான் இங்கேயும். 1889இல் ஃப்ரீஸ்-கிரீன் அசையும் படம் எடுக்கும் கேமராவுக்குக் காப்புரிமை பெற்றது நிஜம். ஆனால் அசைவைச் சீராகக் காட்ட அந்தக் கேமராவின் வேகம் போதவில்லை.

ஒரே ஆள், ஒரே இரவில் சினிமா பிறந்தது என்று பலர் நினைப்பது தவறு: பிரெஞ்சுக்காரரான லே பிரின்ஸ் 1888இலேயே இங்கிலாந்தின் லீட்ஸில் படம்பிடித்துவிட்டார், லூமியேர் சகோதரர்கள் 1895இல் பாரிஸில் டிக்கெட் போட்டுத் திரையிட்டார்கள்.