பள்ளி முன் சாலையைக் கடக்க நடைமேம்பாலமா, வேகத்தடையா?

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளி மாநில நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திய பிறகு பிள்ளைகள் கடக்கவே பயப்படுகிறார்கள். நடைமேம்பாலம் கேட்டு மனு கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். வேகத்தடையே போதும் என்கிறார்கள் மற்றவர்கள். எதைக் கேட்பது?

பதில்: முதலில் கேட்க வேண்டியது, சாலை நடுவே பத்திரமாக நிற்க ஒரு திட்டு.

ஒரு தடம் 3.5 மீட்டர் என்றால் நான்கு தடம் 14 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் கடக்க ஏறக்குறைய 12 விநாடி ஆகும். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 200 மீட்டர் வந்துவிடும். இந்தப் பக்கம் காலை எடுத்து வைக்கும்போதே, அந்தப் பக்கம் 200 மீட்டர் தள்ளி வரும் பஸ்ஸையும் பிள்ளை கணிக்க வேண்டும். பெரியவர்களுக்கே இது தப்பும். நடுவில் நிற்க இடம் இருந்தால் ஒரு நேரத்தில் 7 மீட்டர், 6 விநாடி, ஒரு திசையை மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் சென்டர் மீடியனை வெறுமனே உடைத்து வழி விட்டால் அது திட்டு ஆகாது. பைக்குகள் யூ டர்ன் போடும் சந்தாகிவிடும். அகலம் 2 மீட்டராவது வேண்டும். குறைந்தால், சைக்கிளைப் பிடித்து நிற்கும் பிள்ளையின் சக்கரம் தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நடைவழி சாலை மட்டத்திலேயே இருக்கட்டும். வண்டி வரும் முனையில் உயரமான கான்கிரீட் விளிம்பும், இரவில் ஒளிரும் பலகையும் அவசியம். வாயில் தடுப்புக் குழாய்களை 1.2 மீட்டர் இடைவெளியில் நட்டால் சக்கர நாற்காலி நுழையும், கார் நுழையாது.

பைக்கைத் தடுக்க, வழியை நேராக விடாமல் திட்டுக்குள் வளைக்க வேண்டும். இதில் திசை மிக முக்கியம். நம் சாலையில் இரண்டாம் பாதியின் வண்டிகள் நடப்பவருக்கு இடப்பக்கமிருந்து வரும். அதனால் வழி இடப்பக்கம் திரும்ப வேண்டும். பிள்ளை வண்டிகளைப் பார்த்தபடி நடக்கும். வலப்பக்கம் திரும்பினால் முதுகைக் காட்டி நடக்கும். வரைபடம் கைக்கு வந்ததும் இதை முதலில் பாருங்கள். அப்புறம், மீடியனில் வளர்க்கும் அரளிச் செடி. கடக்கும் இடத்துக்கு அருகே அது வேண்டவே வேண்டாம், ஆறாம் வகுப்புப் பிள்ளை அதன் பின்னால் முழுதாக மறைந்துவிடும்.

வேகத்தடையும் தேவைதான். சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் பழைய அளவே 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஊரில் அவசரத்துக்குப் போடும் குறுகலான, வெள்ளை அடிக்காத மேடு பைக்கில் வருபவரைத்தான் கவிழ்க்கும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வைக்கச் சொல்லுங்கள். பஸ் நிறுத்தம் ஜீப்ரா கோட்டைத் தாண்டி இருக்கட்டும். இறங்கியவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள்.

நடைமேம்பாலம் இங்கே பயன்படாது என்பது என் உறுதியான கருத்து. அடியில் 5.5 மீட்டர் இடைவெளி விட்டால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. புத்தகப் பையோடு எந்தப் பிள்ளையும் ஏறாது, கீழேதான் ஓடும்.

மனுவை நெடுஞ்சாலைத் துறை கோட்டப் பொறியாளருக்குக் கொடுங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் ஆட்சியர்தான், அவருக்கும் ஒரு நகல். பள்ளி நாளில் காலையும் மாலையும் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணி மனுவில் சேர்த்துக் கொடுங்கள். இப்போது பிள்ளைகள் எங்கே கடக்கிறார்களோ, அந்த இடத்தையே படத்தில் குறித்துக் கொடுங்கள். நூறு மீட்டர் தள்ளிக் கட்டினால் யாரும் அங்கே போக மாட்டார்கள்.