ஆர்எக்ஸ் 100 ஓடுகிறது, நிற்குமா?

கேள்வி: அப்பா 1993-ல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 ஐந்து வருடமாகக் கொல்லையில் நின்றது. இப்போது எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து (போரிங்) புது பிஸ்டன் போட்டாயிற்று, ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி பக்கம் உள்ரோடுகளிலும், ஒருநாள் போடிமெட்டு வரையும் போக ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் எஞ்சினுக்குச் செலவழித்ததில் கொஞ்சத்தை முதலில் பிரேக்குக்குச் செலவழித்திருக்கலாம். ஓடாத வண்டி வாசலிலேயே நின்றுவிடும், அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. ஓடுகிற வண்டி நிற்காமல் போனால்தான் வம்பு. 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைத்திறன், ஏறக்குறைய 100 கிலோ எடை. இன்றைக்கும் சொல்லி வைத்தாற்போல் சீறும். நிறுத்துவதற்கோ இரண்டு சக்கரத்திலும் அந்தக் காலத்து டிரம் பிரேக்தான்.

சக்கரங்களைக் கழற்றச் சொல்லி நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியில், டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ இறுகி, கண்ணாடி மாதிரி பளபளக்கும். டிரம்முக்குள் துரு படிந்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஷூ புதிதாகவே போடுங்கள், முன் பிரேக் கேபிளும் புதிது. பிடிக்கும்போது லீவர் கையில் துடித்தால் டிரம் வட்டம் குலைந்திருக்கிறது; லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். டயர் பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2318 என்றிருந்தால் 2018-ன் 23-வது வாரம் தயாரானது. ரப்பர் இறுகி வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்ப வைக்கும் என்பதால் பெட்ரோல் டியூபையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

போடிமெட்டு ஏறுவதில் பெரிய சிரமமில்லை. 17 கொண்டை ஊசி வளைவுகளையும் திரும்ப இறங்கும்போதுதான் சோதனை. டூ ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சின் வண்டியை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது. ஃபோர் ஸ்ட்ரோக் புல்லட் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடாகி, லீவரை எவ்வளவு இழுத்தாலும் பிடி குறைந்துகொண்டே போகும். இரண்டாம் கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு பிரேக்கை விட்டு ஆற விடுங்கள்.

இன்னொரு விஷயம், ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றுகிறீர்களா? அப்படியானால் ஆக்ஸிலரேட்டரை மூடி நெடுந்தூரம் இறங்கும்போது பெட்ரோலோடு ஆயிலும் குறைகிறது, எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றுகிறது. புதிதாக போரிங் செய்த எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ள இதுவே போதும். இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து லேசாக ஒரு முறுக்கு கொடுங்கள். இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். சத்தம் திடீரென அமுங்கிப் பின்சக்கரம் இழுத்தால் பிஸ்டன் பிடிக்கிறது என்று அர்த்தம், அடுத்த நொடியே கிளட்சைப் பிடிக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் சமதளத்தில் ஓட்டிப் பழக்கிவிட்டு, மலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி ரோடு. அறுவடை நேரத்தில் உள்ரோட்டின் பாதியில் சோளமோ கொள்ளோ காயும். சாயங்காலம் தானியத்தைக் கூட்டிக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள்; ஓரத்தில் அடுக்கிய கற்கள் மட்டும் அப்படியே கிடக்கும். இருட்டில் இரண்டுமே தெரியாது. வைக்கோல் மேல் ஏற நேர்ந்தால் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம், நேராகப் போய்விடுங்கள். தாண்டியதும் இறங்கி, சைலன்சரில் வைக்கோல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், பற்றிக்கொள்ளும். ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தால் கடைசி ஆடு தாண்டிவிட்டது என்று நம்பிக் கிளம்பாதீர்கள். இந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும் ஒரு குட்டி தாயைத் தேடிக் குறுக்கே பாயும். புதிதாகத் தார் போட்ட ரோட்டில் ஓரம் நான்கு விரற்கடை பள்ளமாக இருக்கும். எதிரே பஸ் வந்து ஓரம் இறங்கிவிட்டால் உடனே சாய்வாக மேலேற முயலாதீர்கள். முன்சக்கரம் தார் விளிம்பில் உரசி வழுக்கும். வேகத்தை நன்றாகக் குறைத்து, விளிம்பைக் கூடியவரை குறுக்காகச் சந்தித்து ஏறுங்கள்.

அறுபதில் போகும்போது ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடுவீர்கள். பழைய ஹெட்லைட் அதற்கு ஈடு கொடுக்காது. ரிஃப்ளெக்டர்கூட இல்லாத கரும்பு டிராக்டரின் பின்பக்கம் அந்த வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும். ஆகவே உள்ரோட்டில் நாற்பது, ஐம்பதுக்கு மேல் வேண்டாம். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

கிளம்புமுன் ஆர்.சி.யை எடுத்துத் தேதி பாருங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்; ஐந்து வருடம் நின்ற வண்டிக்கு இடையில் காலாவதியாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். பேர் அப்பா பேரிலேயே இருந்தால் மாற்றிவிட்டு, இன்சூரன்ஸை உங்கள் பேரில் போடுங்கள்.