மாவு அரைப்பதா, ஆள் சேர்ப்பதா?

கேள்வி: திண்டுக்கல்லில் இருக்கிறேன். வயது 37. கணவர் நூற்பாலையில் வேலை செய்கிறார். இரண்டு வருடமாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் கொடுக்கிறேன். தினமும் 15 கிலோ போகும். கிலோ 45 ரூபாய். அரிசி, உளுந்துக்கே 30 ரூபாய் ஆகிவிடுகிறது. சீட்டு எடுத்த பணம் 1,20,000 ரூபாய் கையில் இருக்கிறது. 35,000 ரூபாயில் பெரிய கிரைண்டர், 45,000 ரூபாயில் கூலர் வாங்கிக் கடைகளுக்கும் மாவு போடலாம் என்று இருந்தேன். இப்போது என் நாத்தனார், தான் சேர்ந்திருக்கும் நேரடி விற்பனை நிறுவனத்தில் என்னையும் சேரச் சொல்கிறார். முதலில் 30,000 ரூபாய்க்குப் பொருள் எடுக்க வேண்டும். மாதம் 3,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் ஐடி, அதாவது உறுப்பினர் எண், ஆக்டிவாக இருக்குமாம். பொருளை விற்றால் 20 சதவீதம் நிற்கும், ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் அப்புறம் உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்கிறார். பழைய, பெரிய கம்பெனிதான். எதில் பணம் போடுவது? நாத்தனார் மனம் கோணவும் கூடாது.

பதில்: சகோதரி, அந்த 30,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

இன்று மாவில் உங்களுக்குக் கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கிறது. மாதம் 26 நாள் என்று வைத்தால் 5,850 ரூபாய். இதே தொகையை 20 சதவீத லாபத்தில் பார்க்க வேண்டுமானால் மாதம் 29,250 ரூபாய்க்குப் பொருள் விற்க வேண்டும். உங்கள் தெருவில் மாதாமாதம் அவ்வளவு ரூபாய்க்கு ஷாம்பு, புரோட்டீன் பவுடர், பாத்திரம் துலக்கும் திரவம் எல்லாம் யார் வாங்குவார்கள்? பத்து வீட்டின் பெயரையாவது எழுதிப் பாருங்கள். மாவு வாங்கும் அதே வீடுகள்தான் நினைவுக்கு வரும். அவர்களும் ஷாம்பு பாக்கெட்டை அண்ணாச்சி கடையில் வாங்கிப் பழகியவர்கள்.

விற்பனையில் இவ்வளவு வராது என்பதால்தான் ஆள் சேர்க்கச் சொல்கிறார்கள். ஒருவர் ஆறு பேர், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர் என்று போனால், பத்தாவது படியில் மொத்தம் 7.25 கோடி பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடிதான், கைக்குழந்தைகளையும் சேர்த்து. அந்த 7.25 கோடியில் 6 கோடிக்கும் மேற்பட்டவர்கள் கடைசிப் படியில் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. திண்டுக்கல்லில் உங்கள் நாத்தனாருக்குப் பின்னால் சேரும் நீங்கள் எந்தப் படி என்று நினைக்கிறீர்கள்?

அமெரிக்காவில் இந்தத் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 செப்டம்பரில், இத்தகைய நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை ஆராய்ந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சம்பாதித்தது ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழே. அதிலும் அவர்கள் கைக்காசாகச் செய்த செலவு கழிக்கப்படவில்லை.

என் சித்தி மகள் ஒருத்தி, பேச்சில் கெட்டிக்காரி, ஊரில் எல்லாருக்கும் வேண்டியவள், இப்படி ஒன்றில் சேர்ந்தாள். இரண்டாவது வருடம் நான் அவள் வீட்டுக்குப் போனபோது, கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகளை இழுத்துத் தரையில் வைத்தாள். ஐடி செத்துப்போகக் கூடாது என்று மாதாமாதம் வாங்கியவை. ஒவ்வொரு டப்பாவையும் தலைகீழாகத் திருப்பி, அடியில் அச்சடித்திருந்த தேதியைப் படித்துப் படித்துத் தனியாக வைத்தாள். பாதிக்கு மேல் தேதி தாண்டியிருந்தது. பணம் போனதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. “நான் போன் பண்ணா இப்பல்லாம் யாரும் எடுக்கிறதில்லை” என்றாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

நேரடி விற்பனை எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி நடக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. 2021 டிசம்பரில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. ஆள் சேர்த்தாலே காசு என்னும் பிரமிடு திட்டமும் பணச் சுழற்சித் திட்டமும் கூடாது. சேர்பவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அதை ரத்து செய்து வெளியேற அவகாசம் தர வேண்டும். உங்கள் நாத்தனாரிடம் அந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்று அதிலேயே தேடுங்கள். மீட்டிங்கில் வாயால் சொன்னதை நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். கமிஷன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிக்கும். பிடித்தது வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் நிற்கும். உங்களைச் சேர்க்கச் சொல்லும் அப்லைன், அதாவது நாத்தனாருக்கு மேல் படியில் இருப்பவர், யாரோ, அவருடைய போன வருடப் படிவத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மேடையில் காட்டும் செக்கையும் கார் சாவியையும்விட அந்த ஒரு தாள் போதும்.

இனி மாவுக்கு வருவோம். இதிலும் நீங்கள் போட்ட கணக்கில் ஓட்டை இருக்கிறது. மின்சாரம், கவர், வண்டிக்குப் பெட்ரோல் எதையும் கழிக்கவில்லை. கடைக்குப் போட்டால் கடைக்காரர் கிலோவுக்கு 8 ரூபாயாவது கேட்பார். தினமும் 40 கிலோ போடுகிறீர்கள், புளித்துப்போய் 2 கிலோ திரும்பி வருகிறது என்று வைப்போம். விற்ற 38 கிலோவுக்கு 37 ரூபாய் வீதம் 1,406 ரூபாய். 40 கிலோவுக்குச் சரக்குச் செலவு 1,200. மின்சாரம், கவர், பெட்ரோலுக்கு 80 ரூபாய் போனால் மிச்சம் 126 ரூபாய். நாற்பது கிலோ அரைத்ததற்கு அவ்வளவுதான்! அதே நீங்கள் வீடுகளுக்கு நேரடியாகக் கொடுப்பதை 25 கிலோவாக உயர்த்தினால், 60 ரூபாய் செலவு போக நாளுக்கு 315 ரூபாய், மாதம் 8,190 ரூபாய். அதனால் இப்போதைக்குக் கடையை மறந்துவிடுங்கள். பக்கத்துத் தெருவைப் பிடியுங்கள். ஒரு வீட்டுக்கு மாவு நன்றாக இருந்துவிட்டால் அந்த வீடு மறுநாளும் வரும். அதற்காக நீங்கள் யாருக்கும் மாதம் 3,000 கட்ட வேண்டியதில்லை.

கிரைண்டரை மட்டும் வாங்குங்கள், கூலர் வேண்டாம். கிரைண்டர் வாங்கும் முன் மின்வாரிய அலுவலகத்தில் தனி இணைப்பு வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். வீட்டு மீட்டரில் வியாபாரம் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் வரும். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் ஏஜென்ட் யாரையும் கிட்டே சேர்க்காதீர்கள். விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தொடும்வரை ஜி.எஸ்.டி. கவலை இல்லை. மீதி 85,000 ரூபாயில் 60,000 ரூபாயை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு வையுங்கள். பிற்பாடு கூலர் தேவைப்பட்டால் சிறுதொழிலுக்கு வங்கி தரும் முத்ரா சிசு கடன் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். அதற்கு உங்கள் சேமிப்பை உடைக்க வேண்டாம்.

நாத்தனாரைப் பொறுத்தவரை, சாக்குச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். திரும்பத் திரும்ப வருவார், கசப்புதான் மிஞ்சும். “அண்ணி, கையில இருக்கிற பணத்தை மாவுல போட்டுட்டேன். உங்ககிட்ட பிடிச்ச பொருள் ஒண்ணு வாங்கிக்கிறேன், ஆனா சேரலை” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குத் தேவையான ஒரு சோப்போ எண்ணெயோ வாடிக்கையாளராக வாங்கினால் அவருக்கும் உண்மையான விற்பனை நடந்த மாதிரி இருக்கும். அவர் கையிலும் சரக்கு தேங்கியிருக்கிறதா என்று மெதுவாக விசாரியுங்கள். இருந்தால் அந்த ஒப்பந்தத்தை இரண்டு பேருமாக உட்கார்ந்து படியுங்கள்.

கிரைண்டர் வந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். அரைத்தது, விற்றது, மிஞ்சியது, மின்சாரம் எல்லாம் அதில் வரட்டும். மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கோடு எனக்கு எழுதுங்கள். கடைக்குப் போடலாமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.