டேப் ரெக்கார்டர் இல்லாத வாக்குமூலம்

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் ஜப்பானிய எழுத்தாளர் இஷிமுரே மிச்சிகோ மினமாட்டா நோயைப் பற்றி எழுதிய ‘குகாய் ஜோதோ’ புத்தகத்தை ஆங்கிலத்தில் படித்தோம். நோயாளிகளே பேசும் பகுதிகளைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் ஒரு தோழி சொன்னாள், அதெல்லாம் பதிவு செய்த பேச்சே இல்லையாம், ஆசிரியரே எழுதியதாம். ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. நானும் பக்கவாதத்தில் பேச்சிழந்த என் அத்தையைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அத்தையே ‘நான்’ என்று பேசுவதுபோல எழுதலாமா? இஷிமுரேயின் வேறு எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

உங்கள் தோழி சொன்னது உண்மைதான். ஆனால் அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இஷிமுரே 1927-ல் அமாகுசாத் தீவில் பிறந்து, குழந்தையிலேயே மினமாட்டா என்ற கடலோர ஊருக்கு வந்துவிட்டவர். அப்பாவுக்குக் கல் வேலை. பதினாறு வயதில் தற்காலிகப் பள்ளி ஆசிரியை, பிறகு கல்யாணம், வீட்டு வேலைக்கு நடுவே கவிதை. அந்த ஊரிலிருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீனுக்குப் போய், மீனிலிருந்து மனிதர்களுக்கு வந்தது. அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கியதுதான் மினமாட்டா நோய். 1956 மே 1-ல் இந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. நோயாளி ஒருவரை இஷிமுரே முதன்முதலாகப் போய்ப் பார்த்தது 1959 மே மாதக் கடைசியில். ரொம்பத் தாமதமாகத்தான் போனேன் என்று அவரே எழுதுகிறார். பத்திரிகைக்காரராகப் போகவில்லை, அந்த ஊர்க்காரராகப் போனார்.

உங்களைச் சாப்பிடவிடாமல் செய்தது யுகி பேசும் அத்தியாயமாகத்தான் இருக்க வேண்டும். மீனவரின் மனைவி. கைகால் உதறல் நிற்கவில்லை, வார்த்தை குழறுகிறது. அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்துகொண்டு ஆக்டோபஸ் பிடித்த கதையைச் சொல்கிறாள். அதைப் பிடிக்கக் கடலில் இறக்கிவைத்த பானையைத் தூக்கினால் உள்ளே அது காலை ஊன்றிக்கொண்டு மேலே பார்க்குமாம். எங்கள் படகுக்கு வந்துவிட்டாயே, வெளியே வா என்று கூப்பிட்டாலும் வராதாம். வந்துவிட்டாலோ, எட்டுக் காலும் ஒன்றோடொன்று சிக்காமல் படகு முழுக்க ஓட்டம். அதைச் சொல்லும்போது யுகியிடம் அவ்வளவு செல்லம். அவள் எதை இழந்தாள் என்பது எந்த மருத்துவக் குறிப்பையும்விட இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

இந்தப் பேச்சைத்தான் யாரும் பதிவு செய்யவில்லை. 1965-ல் குமமோத்தோவில் ஒரு சிற்றிதழ் நடத்தி இதைத் தொடராக வெளியிட்டவர் வத்தனபே கியோஜி. இது கேட்டு எழுதியது அல்ல, இஷிமுரேயின் தன்கதை நாவல் (எழுதுகிறவரின் சொந்த மனமும் வாழ்க்கையுமே கதையாகும் வகை) என்று பின்னாளில் புத்தகத்தின் பின்னுரையில் போட்டு உடைத்தவரும் அவரேதான். ஒவ்வொரு வீட்டுக்கும் இஷிமுரே ஓரிரு முறைதான் போயிருப்பதை அறிந்து அவரிடமே கேட்டிருக்கிறார். அந்த மனுஷி மனசுக்குள் சொல்வதை எழுத்தாக்கினால் அப்படித்தானே வருகிறது என்று பதில் வந்ததாம். குறும்பா, வெகுளியா, தெரியவில்லை. நான் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் எல்லோர் வாயிலிருந்தும் வந்தால் ஏற்கமாட்டேன்.

ஏன் என்று கேட்டால், அதே புத்தகத்தின் இன்னொரு பாதியைப் பாருங்கள். ஆலை மருத்துவமனையின் டாக்டர் ஹொசொகாவாவின் அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது. 1959 டிசம்பரில் ஆலை நிர்வாகம் நோயாளிகளோடு போட்ட ‘அனுதாபத் தொகை’ ஒப்பந்தமும் இருக்கிறது. பெரியவர்களுக்கு வருஷத்துக்கு 1,00,000 யென், சிறுவர்களுக்கு 30,000, இறந்தவருக்கு 3,00,000. ஆலைக் கழிவுதான் காரணம் என்று நாளைக்கே தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது என்று ஒரு ஷரத்து வேறு. (அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 1973-ல் குமமோத்தோ நீதிமன்றம் சொன்னது.) இந்த இடங்களில் இஷிமுரே கற்பனையைத் தொடுவதே இல்லை. தொகை தொகையாகவே நிற்கிறது. அந்த நேர்மை இருப்பதால்தான் யுகியின் குரலையும் நம்ப முடிகிறது.

குழப்பம் ஜப்பானியர்களுக்கும் இருந்திருக்கிறது. 1969-ல் அந்தத் தொடர் ‘குகாய் ஜோதோ’ என்ற பெயரில் புத்தகமாக வந்தது. துன்பக் கடல், தூய நிலம் என்ற இரண்டு பௌத்தச் சொற்களைச் சேர்த்து வைத்த தலைப்பு. மறு வருஷமே, புனைவல்லாத எழுத்துக்கான ஓயா சொய்ச்சி பரிசை முதல் முறையாக அறிவித்தபோது அதற்கே கொடுத்தார்கள். இஷிமுரே வாங்க மறுத்துவிட்டார்.

சரி, உங்கள் அத்தைக்கு வருவோம். எழுதுங்கள். ஆனால் அத்தை சொல்லக் கேட்டு எழுதியது என்று போடாதீர்கள். நான் எழுதியது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கோபத்தை அவர் வாயில் வைக்காதீர்கள், இது எல்லோரும் விழும் பள்ளம். அண்ணன் தம்பி மேல் உங்களுக்கு மனஸ்தாபம் இருந்தால் அதை உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்த வருஷம் படுத்தார், எந்த மருந்து, யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் பிசகாமல் இருக்கட்டும். அத்தைக்கு எது ஆக்டோபஸ் பானை என்று தேடுங்கள். மாடா, தறியா, ரேடியோவா? அவருக்குப் பேச்சுதானே போயிற்று, காது இருக்கிறதல்லவா? எழுதியதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.

எழுத இடமில்லை, வீட்டில் சிரிக்கிறார்கள் என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். இஷிமுரே எழுதிய இடம் அரைப் பாய் அகலத்தில் ஒரு பலகைத் திட்டு. ஜன்னல் வெளிச்சத்தைப் புத்தக அலமாரி மறைத்திருந்தது என்று வத்தனபே எழுதியிருக்கிறார். அங்கே தொடங்கியவர், 2018-ல் தொண்ணூறு வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் இருந்தும் எழுத்தை விடவில்லை.

அடுத்து எது என்று கேட்டிருந்தீர்கள். ‘காமெலியாக் கடலின் கதை’யை எடுங்கள். 1976-ல் வந்தது. நோய் வருவதற்கு முந்தைய மினமாட்டாவைச் சிறுமியின் கண்ணால் காட்டும் புத்தகம். அதில் பார்வையும் இல்லாமல் மனமும் பேதலித்துத் தெருவில் அலையும் ஒரு பாட்டி வருவார். பெரியவர்களுக்குப் பிடிபடாத அந்தப் பாட்டியிடம் ஒட்டிக்கொண்டு திரிவது அந்தச் சின்னப் பெண்தான்.