சோஷியல் கிரெடிட் கோட்பாடு என்ன சொல்கிறது?

பிரிட்டிஷ் பொறியாளர் சி. எச். டக்ளஸ் முதல் உலகப் போரையொட்டி உருவாக்கிய இக்கோட்பாடு, மக்களின் மொத்த வருமானம் விற்பனைக்கு வரும் பொருள்களின் மொத்த விலைக்கு ஈடாவதில்லை என்கிறது. விலையில் கூலியுடன் மூலப்பொருள், வட்டி, தேய்மானமும் அடங்குவதே காரணம்: இட்லிக் கடைத் தொழிலாளர்கள் தங்கள் கூலி முழுவதையும் செலவழித்தாலும் அன்றைய இட்லிகள் அனைத்தையும் வாங்கிவிட முடியாது. இந்த இடைவெளியை, குடிமக்கள் அனைவருக்கும் தேசிய ஈவுத்தொகை வழங்கி அரசு நிரப்ப வேண்டும் என்றார் டக்ளஸ். அரிசி வியாபாரிக்குச் செல்லும் பணமும் ஒருவரது வருமானமே என்ற பொருளியலாளர்களின் மறுப்பு வலுவானது என்றே கருதுகிறேன். ஆயினும் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வாடிய கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில், மாதம் 25 டாலர் தருவதாக உறுதியளித்த வானொலிப் போதகர் வில்லியம் அபர்ஹார்ட்டின் சோஷியல் கிரெடிட் கட்சி 1935இல் 63 தொகுதிகளில் 56ஐ வென்று, 1971 வரை ஆண்டது. உறுதியளித்த மாதத் தொகை மட்டும் மக்களைச் சேரவேயில்லை. இக்கோட்பாட்டைப் பொதுவுடைமையின் ஒரு வகையென்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் டக்ளஸ் தொழிற்சாலைகளை அரசுடைமையாக்கக் கோரவில்லை, தனியார் சொத்துரிமை நீடிக்கவே விரும்பினார்.