தாராசுரம் கோயில் அருகே ஓட்டு வீடு: இடிக்கும் முன்

ஐராவதேசுவரர் கோயிலுக்கு 70 மீட்டரில் உள்ள அப்பாவின் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு இடிக்காதீர்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் அது. பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டத்தின் 2010 திருத்தப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கிடையாது. மாடி எழுப்புவதும் அதில்தான் சேரும். இடித்துக் கட்டுவதைப் பழுதுபார்ப்பு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஓடு மாற்ற, சுவர் பூச அனுமதி கேட்கலாம், ஆனால் வீடு 16-6-1992க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பழைய வீட்டுவரி ரசீதைத் தேடி எடுங்கள். அப்புறம், தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளந்தீர்களா? பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்துதான் கணக்கு. “யார் வந்து கேட்கப் போகிறார்கள்” என்பார் கொத்தனார். மாட்டினால் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை.